படுவான்கரைச் சிறு குளங்கள்: தண்ணீரும் மீனும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை உட்பட, மட்டக்களப்பில் குளம் என்றால் உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி என்று பெரிய பெயர்கள்தான் வெளியே தெரியும். ஆனால் குளிப்பதும் மாடு தண்ணீர் காட்டுவதும் வலை போடுவதும் பெரும்பாலும் பெயர்ப்பலகைகூட இல்லாத சிறு குளங்களில்தான். எங்கள் ஊர்க் குளத்து மீனவர் சங்கத்தின் கணக்கை எழுதுகிறவன், வலைக்கும் போகிறவன் என்பதால், குளக்கட்டில் என்னைக் காண்கிறவர்கள் ஏதாவது கேட்காமல் போவதில்லை. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

எங்கள் குளத்துத் தண்ணீர் நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

எதற்கு நல்லது என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். வயலுக்கு நல்ல தண்ணீர் குடிக்க நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை. குடிக்கத் தகுந்த தெளிவான தண்ணீரில் மீனுக்குத் தீனி குறைவு. கொஞ்சம் பசுமை கலந்த, அடிமண் தெரியாத தண்ணீர்தான் மீனுக்கு விருப்பமானது.

மாதத்தையும் பார்க்கவேண்டும். நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரைக்கும் பெய்கிறது. குளம் நிறைந்து வான் (மிகுதிநீர் வழியும் இடம்) பாய்ந்து ஓய்ந்த பிறகு, தை கடைசியிலிருந்து பங்குனி வரை குளம் தன் மிகச் சிறந்த நிலையில் இருக்கும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசி, சிறுபோகத்துக்குத் தண்ணீர் இறங்கிய பின், அதே குளம் சூடான ஆழமற்ற குட்டையாகிவிடும். தையில் பார்த்துவிட்டு நல்ல குளம் என்று சொல்லிப் போனவர் ஆவணியில் வந்தால் அது வேறு குளம் என்றே நினைப்பார்.

தண்ணீர் பச்சையாக இருக்கிறதே, அழுக்கு அல்லவா?

இளம்பச்சை அழுக்கு அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள்தான் அந்த நிறம். திலாப்பியாவுக்கும் கட்லாவுக்கும் உணவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பகலில் தண்ணீருக்கு ஒட்சிசன் கொடுப்பதில் பெரும்பங்கும் அவற்றுடையது.

அளவு மிஞ்சியதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். காலை பத்து மணியளவில், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, கையை முழங்கை வரை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை நனையும்போது விரல்கள் மங்கலாகத் தெரிந்தால் நல்ல நிலை. மணிக்கட்டைக் கொஞ்சம் தாண்டியதுமே விரல்கள் மறைந்துவிட்டால் பாசி அதிகம். விடியற்காலையில் மீனுக்கு மூச்சுமுட்டும் ஆபத்து இருக்கிறது. மழை நாட்களில் விரல் மறைவது பாசியால் அல்ல, மண்ணால். நிறத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

கரையோரத்தில் பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் படிந்திருக்கிறது. இதுவும் அதே பாசிதானா?

இல்லை, இதை வேறாகப் பார்க்கவேண்டும். இது நீலப்பச்சைப் பாசி. பெயர் பாசியானாலும் உண்மையில் ஒருவகை பக்ரீரியா. காற்றில்லாத வெயில் நாட்களில் மேலே மிதந்து, காற்று தள்ளும் கரையில் ஒதுங்கும். இதில் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. எல்லாத் தடவையும் நஞ்சு இருப்பதில்லை. இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால், இருக்கிறது என்று எண்ணி நடப்பதுதான் புத்தி.

ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் அது சாதாரண இழைப்பாசி. குச்சியில் பெயின்ற் பூசியதுபோல் ஒட்டினால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்கலாம். நிறமில்லாத போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரு இரவு அசைக்காமல் வைத்தால், காலையில் மேலே பச்சை வளையம் கட்டியிருக்கும். அப்படிக் கண்டால் அந்தக் கரையில் குளிக்கக்கூடாது, மாட்டையும் நாயையும் குடிக்க விடக்கூடாது. கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. கொதிக்க வைத்துக் குடிக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நோயா?

மூச்சுத் திணறல். பகலில் ஒட்சிசனைத் தரும் அதே பாசி இரவில் அதை எடுத்துக்கொள்கிறது. மீனும், அடியில் அழுகும் இலைதழையும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். நம் ஊர்ச் சூட்டில், 30 பாகை செல்சியசில், தண்ணீர் தாங்கக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அது 5க்கு மேல் இருந்தால் மீன் நன்றாக வளரும். 3க்குக் கீழே போனால் தீனி எடுக்காது, மேலே வந்து வாயை அசைக்கத் தொடங்கும்.

வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணிக்குள் மீன் இறங்கிவிட்டால் அன்றைக்குத் தப்பியது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடிக் காற்றும் இல்லாமல் இருந்தால் ஆபத்து கூடும். அந்த நாட்களில் குளத்தில் சாணம், உரம், அழுகிய வைக்கோல் எதையும் சேர விடாதீர்கள்.

நல்ல மழை பெய்து மறுநாளே மீன் செத்து மிதக்கிறது. மழை நல்லதுதானே?

கோடை கழிந்து வரும் முதல் பெருமழையில் இது நடக்கும். குளத்தின் அடித்தண்ணீர் பல வாரங்களாக ஒட்சிசன் இல்லாமல், சேற்றுநாற்றத்தோடு கிடக்கும். மேல்தண்ணீர் சூடாக, இலேசாக இருப்பதால் இரண்டும் கலப்பதில்லை. குளிர்ந்த மழையும் காற்றும் மேல்தண்ணீரை ஒரே நாளில் குளிரச் செய்ததும் இரண்டும் புரண்டு கலந்துவிடுகின்றன. அதோடு கரையில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சாணமும் சருகும் வாய்க்கால் வழியே ஒரே தடவையில் உள்ளே வருகின்றன. அவை அழுகும்போது மிச்சமிருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடுகின்றன.

முதல் மழைக்கு முன்பே கரையைக் கூட்டிச் சாணத்தை அள்ளி வயலுக்கு எடுத்துச் சென்றால் பாதி ஆபத்து குறையும். உழைப்பும் வீணாகாது, வயலுக்கு அது உரம்.

யாரோ நஞ்சு போட்டார்கள் என்று ஊரில் பேச்சு. எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச்சுக்கு முன் செத்த மீனைப் பாருங்கள். மூச்சுமுட்டிச் சாகும்போது மீன் விடியற்காலையில் சாகும், பெரிய மீன்கள் முதலில் போகும். விரால், சுங்கான் போன்றவை மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை என்பதால் தப்பிக்கொள்ளும். திலாப்பியாவும் கெண்டையும் மிதந்து, விரால் உயிரோடு திரிந்தால் பெரும்பாலும் காரணம் ஒட்சிசன்தான்.

நஞ்சு என்றால் நேரம் காலம் இல்லை, நண்பகலிலும் சாகும். குஞ்சுகள் முதலில் போகும். விராலும் தப்பாது. தண்ணீரில் ஓடும் பூச்சிகளும் தவளைக் குஞ்சுகளும்கூடச் சேர்ந்து சாகும். அப்படிக் கண்டால் யாரையும் குற்றஞ்சாட்டுவதற்கு முன், துடித்துக்கொண்டிருக்கும் மீன் இரண்டு மூன்றைப் பொலித்தீன் பையில் கட்டி ஐஸில் வையுங்கள். சுத்தமான போத்தலில் தண்ணீரும் எடுத்து, அதையும் குளிரில் வையுங்கள். நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நெக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் விரிவாக்க உத்தியோகத்தருக்கும் உடனே அறிவியுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்த அழுகல் மீன் ஆய்வுக்கு எதையும் சொல்லாது. நஞ்சு வைத்தும் வெடிவைத்தும் மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டத்தின்படி குற்றம்.

மிதந்த மீனைச் சமைத்துச் சாப்பிடலாமா? இப்போதுதான் செத்தது.

வேண்டாம். எதனால் செத்தது என்று தெரியாத மீன் வீட்டுக்கு வரக்கூடாது. விற்பதற்கோ கருவாட்டுக்கோ எடுப்பதைச் சங்கம் என்ற முறையில் நாங்கள் ஒருபோதும் அனுமதிப்பதில்லை.

முன்னோர் இந்தத் தண்ணீரைத்தானே குடித்தார்கள்? நாமும் வடிகட்டிக் குடித்தால் என்ன?

முன்னோர் குடித்தார்கள்; வயிற்றோட்டத்துக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கும் பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துத் தண்ணீர் விட்டால் கலங்கல் அடியில் தங்கும் என்பது உண்மை. அது நல்ல பழக்கம். ஆனால் தெளிந்த தண்ணீர் கிருமியற்ற தண்ணீர் அல்ல. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீற்றரில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. மாடும் எருமையும் இறங்கும் எந்தக் குளமும் அந்த அளவுக்குள் வராது.

குழாய்த் தண்ணீர் வராத இடத்தில் வேறு வழியே இல்லையென்றால், தெளியவைத்து, துணியில் வடித்து, குமிழ்விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் வையுங்கள். மேலே சொன்ன பெயின்ற் போன்ற படிவு இருக்கும் நாட்களில் அதுவும் கூடாது. உன்னிச்சைத் தண்ணீரை மட்டக்களப்பு நகரம் குடிக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்ட பிறகுதான் குழாய்க்கு வருகிறது.

குளிக்கலாமா? பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள்.

நல்ல மாதங்களில் குளிக்கலாம். காலில் வெட்டுக்காயம், புண் இருக்கும்போது வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீரோடு தண்ணீரில் சேர்ந்து, காயத்தின் வழியாகவே பெரும்பாலும் உடலுக்குள் புகுகிறது. மழைக்காலத்தில் வயலிலும் குளத்திலும் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் தசைநோவும் கண் சிவப்பும் வந்தால், இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தண்ணீரில் இறங்கியதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். வயல் வேலைக்கு இறங்குவோருக்கு முன்கூட்டியே தடுப்பு மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கிடைக்கிறது.

துருசுக்கு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகுக்கு, அருகில் ஒருபோதும் குளிக்க விடாதீர்கள். கதவு திறந்திருந்தால் மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். முதலை இருக்கும் குளங்களில் மாலை மயங்கிய பிறகு தண்ணீர் ஓரத்தில் இருக்கவே கூடாது. படுவான்கரையில் அந்த நேரம் யானைக்கும் உரியது.

இந்தக் குளத்தில் என்னென்ன மீன் இருக்கிறது?

வலையில் மிகுதியாக வருவது திலாப்பியா. யப்பான் மீன் என்றும் சொல்வார்கள். அது இந்த மண்ணின் மீன் அல்ல. ஆபிரிக்காவைச் சேர்ந்த அது 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நன்னீர் மீன்பிடி அதன் மேல்தான் நிற்கிறது. நம் சொந்த மீன்கள் விரால், கெளுத்தி, சுங்கான், பனையேறி, விலாங்கு, சிறு கெண்டை வகைகள். இவற்றோடு விடப்பட்ட கட்லா, ரோகு, மிருகால், சில குளங்களில் நன்னீர் இறால்.

சங்கத்தில் கட்லாக் குஞ்சு விட்டீர்களே, இனி அது பெருகிக்கொள்ளும்தானே? ஏன் ஒவ்வொரு வருடமும் காசு?

பெருகாது. கட்லாவும் ரோகுவும் மிருகாலும் பெருக்கெடுத்து ஓடும் ஆற்றில் முட்டையிடும் மீன்கள். தேங்கிய குளத்தில் சினை வைக்கும், ஆனால் இனம் பெருகாது. நிலையங்களில் ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்விக்கிறார்கள். நமக்கு அருகில் இங்கினியாகலையில் நெக்டாவின் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. பிடித்த பிறகு மறுபடி விட்டால்தான் மறுபடி மீன்.

குளம் நிறைந்த பிறகு, மார்கழி, தையில், விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சுகளை விட்டு, ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றும்போது அறுவடை செய்வது வற்றும் குளங்களுக்கான வழக்கம். ஹெக்டேயருக்கு இரண்டாயிரம் குஞ்சு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிருகால் அடியில். அதனால் மூன்றையும் கலந்து விட்டால் ஒன்றின் தீனியை மற்றொன்று அதிகம் பறிக்காது. மிகச் சிறிய குஞ்சுகளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி விட்டால் அவை விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் விட்ட தீனிதான்.

முன்பெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு யப்பான் வரும். இப்போது ஏன் விரலளவில் வருகிறது?

வலைக்கண். மற்றக் காரணங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

திலாப்பியா எப்படிப் பெருகுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். குளம் வற்றத் தொடங்கும்போது கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். சாப்பாட்டுக் கோப்பை அளவில், விளிம்பு உயர்ந்து, நடுவில் சுத்தமாகத் துடைத்ததுபோல் இருக்கும். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டிய கூடுகள் அவை. பெண் அங்கே முட்டையிட்டு, முட்டைகளை வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரித்து நீந்தும் வரை அது இரை எடுப்பதே அபூர்வம். நெருக்கடி கூடி, தீனி குறைந்து, பெரிய மீனெல்லாம் பிடிபட்டுப் போன குளத்தில் திலாப்பியா சிறு வயதிலேயே முட்டையிடத் தொடங்குகிறது. வளரவேண்டிய சக்தி முட்டைக்குப் போய்விடுகிறது. பிறகு குளம் நிறையச் சிறுமீன்தான்.

சட்டப்படி குளங்களில் செவுள் வலையின் கண் இழுத்துப் பிடித்த நிலையில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. மூன்றரை அங்குல வலை இதற்குள் வரும், மூன்றங்குல வலை வராது. அளக்கும்போது நனைந்த வலையில் ஒரு கண்ணை எதிரெதிர் முடிச்சுகளில் பிடித்து இழுத்து, முடிச்சுக்கு முடிச்சு அளக்கவேண்டும். ஒற்றை நைலோன் இழையால் ஆன தங்கூசி வலை எந்தக் கண்ணாக இருந்தாலும் தடை. அறுந்து தண்ணீரில் கிடந்தாலும் அது வருடக்கணக்கில் மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கும்.

தூண்டில் போட ரவுணிலிருந்து வருகிறோம். யாரிடம் கேட்கவேண்டும்? எந்த நேரம் நல்லது?

கேட்டுவிட்டு வருவதே முதல் மரியாதை. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கும். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. மீன்பிடி பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சங்கத்தின் கையில். கட்டில் நிற்கும் யாரிடமாவது கேட்டால் சங்கத் தலைவரின் வீட்டைக் காட்டுவார்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்குள் இருக்கும் குளம் என்றால் அவர்களின் அனுமதி இல்லாமல் கரையில்கூட இறங்கக்கூடாது.

பொழுது விடியும்போதே மீன் கடிக்கும் என்று நினைத்து நான்கு மணிக்கே வருகிறார்கள். பாசி நிறைந்த மாதங்களில் அது பலிக்காது. காரணம் மூச்சுத் திணறல் பற்றிய பதிலில் இருக்கிறது. வெயில் ஏறி ஏழரை, எட்டு மணியிலிருந்து பத்து வரையும், மாலை நான்கிலிருந்து பொழுது சாயும் வரையும் திலாப்பியா நன்றாக எடுக்கும். மண்புழுவும் பிசைந்த கோதுமை மாவும் போதும். விராலுக்கு ஆம்பல் இலைகளின் ஓரம், சிறு தவளையோ சிறு மீனோ. பெரிய மழைக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் கலங்கலில் வருவது வீண். வந்தவர்கள் தூண்டில் நூலையும் சோடாப் போத்தலையும் கரையில் விட்டுப் போகாமல் இருந்தால் அடுத்த முறை யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தண்ணீருக்கு மேலே சிவப்பாகக் குஞ்சுகள் கூட்டமாக வந்து வந்து போகின்றன. அங்கே தூண்டில் போட்டால் பெரிய விரால் பாய்ந்து எடுக்குமாமே?

எடுக்கும். பசிக்காக அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. அந்தச் செம்மஞ்சள் கூட்டம் விரால் குஞ்சுகள். காற்றுக்காக எல்லாம் ஒன்றாக மேலே வரும்போது தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் மழைத்தூறல் விழுந்ததுபோல் நடுங்கும். மறுகணம் எல்லாம் ஒன்றாக இறங்கும். தாயும் தகப்பனும் சற்று ஆழத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பிடித்தால் சில மணி நேரத்துக்குள் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரு ஆணத்துக்காக (குழம்புக்காக) ஒரு முழுத் தலைமுறையை அழிப்பது இது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

விராலின் உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புண். மனிதருக்குத் தொற்றுமா?

தொற்றாது. ஒருவகை நீர்ப்பூஞ்சணத்தால் வரும் புண்நோய் இது. 1980களின் கடைசியில் இலங்கை முழுவதும் விராலைப் பெரிதாகத் தாக்கியது. மழை பெய்து தண்ணீர் குளிரும் காலத்தில் தலைகாட்டும், சூடு ஏறியதும் குறையும். புண் விழுந்த மீனை விற்காமல், தண்ணீரிலும் திரும்ப எறியாமல், மேட்டில் புதைத்துவிடுங்கள். அந்தக் குளத்தில் நனைந்த வலையை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வேறு குளத்துக்குக் கொண்டுபோங்கள்.

குளத்து மீனில் சேற்று வாசனை வருகிறது. மீன் கெட்டதா, தண்ணீர் கெட்டதா?

இரண்டும் கெட்டதில்லை. நீலப்பச்சைப் பாசியும் சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழையில் மண் மணப்பதும் அதனால்தான். அது மீனின் கொழுப்பில் ஏறிக்கொள்கிறது. உடம்புக்குத் தீங்கில்லை, சுவைதான் கெடும்.

உயிர்மீனை இரண்டு மூன்று நாள் சுத்தமான தொட்டியில் தீனி இல்லாமல் வைத்தால் வாசனை பெரும்பாலும் இறங்கிவிடும். அதற்கு வசதி இல்லாதவர்கள் தோலையும் வயிற்றின் உட்புறக் கறுப்புப் படலத்தையும் நீக்கி, புளிக்கரைசலில் அரை மணி நேரம் ஊறவிடட்டும். புளிப்பு அந்தப் பொருளையே மாற்றி மணமற்றதாக்கிவிடுகிறது. நம் பெண்கள் குளத்து மீனுக்குக் கைநிறையப் புளி போட்டு ஆணம் காய்ச்சுவதற்குக் காரணம் வெறும் ருசி மட்டுமல்ல. எப்படிச் சமைத்தாலும் உள்ளே வரை வேகவேண்டும். அரைவேக்காட்டு நன்னீர் மீனில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம்.

ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) நிறைந்துவிட்டது. மருந்தடித்தால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார்களே?

போகாது, செத்து அடியில் அமிழும். அவ்வளவும் அழுகும்போது ஒட்சிசன் போய், முன்பு சொன்ன முதல் மழைக் கதைதான் வெயில் காலத்திலும் நடக்கும். ஆற்றுவாழையைத் தடுக்க இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டார்கள். 1939இல் வந்த சல்வீனியா என்ற மிதக்கும் செடியும் அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் ஊரார் கையால் செய்யக்கூடிய நம்பகமான வழி, சிரமதானம் வைத்து இழுத்துக் கரையேற்றுவதுதான். கட்டுக்கு வெளிப்புறமாக, மழைநீர் மறுபடி குளத்துக்குள் அடித்துவராத இடத்தில் குவித்துப் பசளையாக்குங்கள். ஆற்றுவாழையைப் பூப்பதற்கு முன் எடுத்தால் பாதி வேலை. அதன் விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

எல்லாப் புல்லையும் செடியையும் வழித்துவிடவும் கூடாது. தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் இருக்கும் பன்னும் கோரையும் மண்ணைத் தடுத்து நிறுத்துகின்றன. கரையோர மருதமரங்களின் வேர் மண்ணரிப்பைத் தடுக்கிறது, மீனுக்கு ஒதுங்கிடமும் ஆகிறது. பாய் இழைக்கப் பன் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கத்தை விட்டுவைத்தால் இருவருக்கும் நல்லது.

வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டது. கொல்ல மனமில்லை, குளத்தில் விடட்டுமா?

உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது, ஆனாலும் விடாதீர்கள். தொட்டி துடைக்கும் மீன் என்று கடையில் விற்கும் முள்ளோட்டு மீன் நாட்டின் பல நீர்நிலைகளில் பரவிவிட்டது. கரை மண்ணில் பொந்து தோண்டும், வலையைக் கிழிக்கும், விற்கவும் முடியாது. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் வேறொருவரிடம் கொடுங்கள்.

வட்டையில் மருந்தடிக்கிறோம், தண்ணீர் குளத்திலிருந்துதானே வயலுக்குப் போகிறது? மருந்து எப்படிக் குளத்துக்கு வரும்?

மேல்வட்டையின், அதாவது மேலே உள்ள வயல்வெளியின், கழிவுநீர் கீழ்க்குளத்துக்குத்தான் வருகிறது. நம் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பவை; உங்கள் வயலுக்குக் கீழே யாருடைய குளம் என்று ஒருமுறை வாய்க்கால் வழியே நடந்து பாருங்கள். பூச்சிநாசினிகளில் பைரித்ரொயிட் வகை மனிதருக்கு ஓரளவு பாதுகாப்பு என்று விற்கப்படுகிறது. மீனுக்கு அது மிகச் சிறு அளவிலேயே கொடிய நஞ்சு. மருந்தடித்து சில நாட்களுக்கு வரம்பை உடைக்காமல் தண்ணீரை வயலிலேயே மறித்துவையுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கெடுதல், தெளிகருவியைக் குளத்துப் படியில் கழுவுவது. மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரையும் வயலிலேயே தெளித்துவிட்டு, வெறும் கருவியோடு வீட்டுக்குப் போங்கள்.

குளத்து மீன் சாப்பிட்டால் சிறுநீரக நோய் வருமா?

அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட அந்த நாட்பட்ட சிறுநீரக நோய், அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டி, மகாஓயாப் பக்கங்களிலும் இருக்கிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய இரசாயனங்கள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது என்று பலவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒற்றைக் காரணம் நிறுவப்படவில்லை. குளத்து மீன்தான் காரணம் என்றும் நிறுவப்படவில்லை. உங்கள் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள். புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டுத் தரம். வெயிலில் வேலை செய்கிறவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடிக்கவேண்டும். அந்தப் பயத்தில் பிள்ளைகளுக்கு மீன் கொடுக்காமல் விடாதீர்கள்.

வான் பாயும்போது மீனெல்லாம் வெளியே போகிறதே, கீழே அத்தாங்கு வைத்துப் பிடித்தால் என்ன தவறு?

வெளியே போய்விட்ட மீனைப் பிடிப்பதில் தவறில்லை. இழுப்பில் கால் வழுக்கும் ஆபத்துதான் பெரிது. தவறு எதிர்ப்பக்கத்தில் நடக்கிறது. முதல் வெள்ளத்தில் விரால், கெளுத்தி, கெண்டை ஆகியவை சினையோடு ஓடைகளில் எதிர்த்து ஏறும். அங்கே வாயை மறித்து வலை கட்டினால், அந்த வருடத்துக் குஞ்சு முழுவதையும் ஒரே இரவில் வழித்தெடுத்ததாகும். ஓடை முழுவதையும் மறிக்காதீர்கள். பாதியையாவது திறந்து விடுங்கள்.

குளம் கட்டியது வயலுக்கு. மீனுக்காகத் தண்ணீரை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

கோபமாகவே கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். குளம் வயலுக்குத்தான், அதில் மாற்றுக் கருத்தில்லை. நாங்கள் கேட்பது துருசின் அடிமட்டத்துக்குக் கீழே இயல்பாகவே தங்கும் தண்ணீரை மட்டும். அந்தத் தண்ணீர் துருசு வழியே வயலுக்குப் போகவே முடியாது. அதையும் இயந்திரம் வைத்து இறைக்கும்போதுதான் குளம் சாகிறது. இறைத்த தண்ணீர் ஓரிரு வயலுக்கு ஒரு நனைப்புக்குப் போதும். குளத்துக்கோ அது அடுத்த வருடத்துத் தாய்மீன். மாட்டுக்கும் யானைக்கும் கடைசித் தண்ணீரும் அதுதான். சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று நிற்பதும் குளத்தில் தண்ணீர் நிற்பதைப் பொறுத்தது. இறைத்த வருடம் கரையோரக் கிணறுகள் எவ்வளவு சீக்கிரம் வற்றின என்று பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள்.

இதைக் கட்டில் நின்று சண்டை போட்டுத் தீர்க்க முடியாது. போகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையும் விவசாயிகளும் கமநல உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். எந்த நாளில் துருசு திறப்பது, எந்த நாளில் மூடுவது என்று அங்கேதான் முடிவாகிறது. மீனவர் சங்கத்திலிருந்தும் ஒருவர் அங்கே உட்காரவேண்டும். துருசின் எந்தப் படிக்குக் கீழே இயந்திரம் வைக்கக்கூடாது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அந்தப் படியில் எல்லோரும் காணும்படி சிவப்புப் பெயின்ற்றால் கோடும் போடவேண்டும். வயல் உள்ள மீனவர்களும் வலை உள்ள விவசாயிகளும் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.